தேவர்கள் குடித்தது போக

பெங்களூருவின் பீப்பாயில் ஆவியாகாமல் மிஞ்சிய விஸ்கி உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் பிடித்தது. மதிப்பெண் போட்டது ஒரு நாக்கு. ஆனால் அதற்கு வழிவிட்டது, மறைத்து வைக்கப்பட்ட ஒரு பெயர்.

கிளாஸ்கோ நகரில் ‘தி பாட் ஸ்டில்’ என்ற மதுக்கூடம் விஸ்கிப் பிரியர்களுக்குக் கோயில் மாதிரி. அலமாரி முழுக்கப் பாட்டில்கள். எந்தச் சரக்கு எந்த ஊரில் வடித்தது என்று மோந்து பார்த்தே சொல்லக்கூடியவர்கள் வந்து போகும் இடம். அங்கே போய் விஸ்கி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம். அந்தத் துணிச்சலான வேலை 2000-களின் தொடக்கத்தில் நடந்தது. பெயர் சொல்லாமல் ஒரு விஸ்கியை ஊற்றிக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். குடித்தவர்கள் ஸ்காட்லாந்துச் சரக்கு என்றே நினைத்தார்கள். வயதையும் கூட்டிச் சொன்னார்கள். உண்மையில் அது பெங்களூருவில் சில ஆண்டுகளே பீப்பாயில் இருந்த விஸ்கி. மைசூர் சாலையில் உள்ள கம்பிபுராவிலிருந்து வந்தது. பெயர் அம்ருத்.

பாட்டிலை முதலில் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம். இந்திய விஸ்கி என்றாலே வெளிநாட்டில் உதட்டைப் பிதுக்குவார்கள். அதில் நியாயமும் இருந்தது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து வடித்த சாராவியில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. தானியத்திலிருந்து வடித்தால்தான் விஸ்கி என்பது ஐரோப்பியச் சட்டம். அந்தக் கணக்கில் நம் ஊர்ச் சரக்குகள் பல ரம்முக்குத்தான் சொந்தக்காரர்கள். உலகிலேயே அதிக அளவில் விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா. ஆனால் அந்த விஸ்கியை விஸ்கி என்று உலகம் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்ருத் நிறுவனமும் அந்த வழியில் வந்ததுதான். ராதாகிருஷ்ண ஜக்தாலே 1948-ல் பெங்களூருவில் தொடங்கியது. ரம், பிராந்தி என்று ராணுவக் கேன்டீன்களுக்குச் சரக்கு அனுப்பி வளர்ந்தது. அவருடைய மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே காலத்தில், 1980-களில், பார்லியிலிருந்து மால்ட் வடிக்கத் தொடங்கினார்கள். அதுவும் தனியாக விற்பதற்கல்ல, மற்ற சரக்கில் கலப்பதற்கு. கலந்தது போக மிஞ்சிய மால்ட் பீப்பாய்களில் கிடந்து முற்றியது. அதைத் தனியாகச் சுவைத்துப் பார்த்தபோதுதான் யோசனை பிறந்தது. நீலகண்ட ராவின் மகன் ரக்ஷித் அப்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் நிர்வாகப் படிப்பில் இருந்தார். பிரிட்டனில் உள்ள இந்திய உணவகங்களில் இந்திய சிங்கிள் மால்ட் விலை போகுமா என்று ஆராய்ந்து பார் என்று மகனுக்கு வேலை கொடுத்தார் தந்தை. பெயர் மறைத்த பரீட்சைகள் அதன் ஒரு பகுதி.

2004 ஆகஸ்ட் 24 அன்று கிளாஸ்கோவின் ‘கஃபே இந்தியா’ உணவகத்தில் அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது. கறியோடு விஸ்கி குடிக்க பிரிட்டிஷ்காரர்கள் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. உணவகத் திட்டம் எடுபடாமல், விஸ்கி விஷயம் தெரிந்த கடைகளையும் ரசிகர்களையும் நாட வேண்டியதாயிற்று. பின்னாளில் வடிப்புப் பொறுப்பையே ஏற்ற அசோக் சொக்கலிங்கம் உள்ளிட்டோர் ஐரோப்பாவில் கடை கடையாகப் பாட்டிலைச் சுமந்தார்கள். பெயரைப் பார்த்துத் தள்ளியவர்களை நாக்கால் சம்மதிக்க வைப்பதுதான் வேலை.

வெயில் செய்த வேலை

பெங்களூருவில் சில ஆண்டுகள் கிடந்த சரக்கு எப்படி ஸ்காட்லாந்தின் முதிர்ந்த சரக்கு போல இருக்க முடியும்? விடை பீப்பாயில் இருக்கிறது.

வடித்து இறக்கிய விஸ்கி தண்ணீர் போல நிறமற்றது. நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருபவை. சூட்டில் திரவம் விரிந்து மரத்துக்குள் புகும். குளிரில் சுருங்கி வெளியே வரும். போய் வரும்போது மரத்தின் வெனிலா மணத்தையும் இனிப்பையும் கறையையும் கூட்டி வரும். ஸ்காட்லாந்தின் குளிரில் இது ஆமை வேகம். கடல் மட்டத்துக்கு 3,000 அடி உயரத்தில் இருந்தாலும் பெங்களூருவின் வெயில் வெயில்தான். ஸ்காட்லாந்தில் மூன்று ஆண்டு ஆவது இங்கே ஏறத்தாழ ஓராண்டில் ஆகிவிடும் என்பது வடிசாலைக்காரர்கள் சொல்லும் கணக்கு.

இதற்கு விலை உண்டு. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பங்கை மேலைநாட்டார் ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். ஸ்காட்லாந்துத் தேவதைகள் ஆண்டுக்கு 2 சதவீதத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பெங்களூருத் தேவதைகள் 10 முதல் 12 சதவீதம் வரை உறிஞ்சுகிறார்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்துத் திறந்தால் சுமார் 157 லிட்டர் இருக்கும். பெங்களூருவில், ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்தால், ஐந்தே ஆண்டில் 112 லிட்டர்தான். 12 சதவீதம் போனால் எட்டாம் ஆண்டில் மிஞ்சுவது 72 லிட்டர். 2013-ல் அம்ருத் தன் 8 வயது விஸ்கியை வெளியிட்டபோது 144 பாட்டில்களே தேறின. அதற்கு வைத்த பெயர் ‘க்ரீடி ஏஞ்சல்ஸ்’, அதாவது பேராசைத் தேவதைகள். பாற்கடலைக் கடைந்து எடுத்த அமுதத்தின் பெயரைத் தாங்கிய நிறுவனம், தேவர்கள் குடித்தது போக மிஞ்சியதை விற்கிறது!

அந்தப் பீப்பாய்களில் பலவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குக் கறாரான சட்டம் இருக்கிறது. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும். உட்புறம் தீய்த்த புதிய ஓக் கலனில்தான் அடைக்க வேண்டும். அடைக்கும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் இரண்டாம் முறை பர்பன் அடைக்க முடியாது என்பதால் அது வெளியே விற்பனைக்கு வரும். ஸ்காட்லாந்தும் பெங்களூருவும் வாங்குவது அதைத்தான். பர்பனில் உள்ள வெனிலா, கேரமல் வாசனையின் சாயல் அம்ருத்திலும் அடிப்பது இந்த மரத்தின் உபயம்.

தண்ணீர் சேராத பாட்டில்

பீப்பாயிலிருந்து எடுத்த விஸ்கியைப் பெரும்பாலும் அப்படியே பாட்டிலில் அடைப்பதில்லை. தண்ணீர் சேர்த்து வலுவைக் குறைப்பார்கள். இந்தியாவில் வழக்கமான வலு 42.8 சதவீதம். இந்த விசித்திரமான எண் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. பழைய பிரிட்டிஷ் அளவில் 100 ப்ரூஃப் என்பது சுமார் 57.1 சதவீத ஆல்கஹால். அதில் 75 பங்கு எடுத்தால் 42.8. நம் ஊர் பாட்டில்களில் ‘75 டிகிரி ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருந்ததன் பொருள் இதுதான்.

தண்ணீர் சேர்க்காமல், பீப்பாயில் இருந்த வலுவிலேயே அடைப்பதற்குக் ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ என்று பெயர். 2007-ல் வந்த அம்ருத் காஸ்க் ஸ்ட்ரெங்த்தின் வலு 61.8 சதவீதம். ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, ஊற்றினால் அதில் 18.5 மில்லி ஆல்கஹால். வழக்கமான விஸ்கியின் ஸ்மாலில் சுமார் 13 மில்லி. பழக்கதோஷத்தில் ராவாக வாயில் கவிழ்ப்பவருக்கு நாக்கு மரத்துப்போகும். ருசி எதுவும் தெரியாது.

இங்கேதான் ‘மலிவு’ என்ற சொல்லையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 61.8 சதவீதத்தில் உள்ள 700 மில்லி பாட்டிலை 42.8 சதவீதத்துக்கு இறக்கினால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே வரும். காஸ்க் ஸ்ட்ரெங்த் பாட்டிலின் விலை பார்த்துத் திகைப்பவர்கள், அதற்குள் ஒன்றரை பாட்டில் சரக்கு சுருட்டி வைக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் மலிவான காஸ்க் ஸ்ட்ரெங்த் பர்பனைத் தேடி அலைபவர்களின் தர்க்கமும் இதுதான். தண்ணீருக்குக் காசு கொடுக்காதே. அது வீட்டுக் குழாயிலேயே வருகிறது.

ஆனால் பெங்களூருவாசிக்கு ஒரு முட்டுக்கட்டை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் அறிவித்த விதிகள் விஸ்கியின் வலுவை 36 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்தின. அந்த அளவுகோலில் 61.8 வெளியே நிற்கிறது. ஊரில் வடித்து, ஊர் வெயிலில் முற்றிய பாட்டில் அயல்நாட்டு அலமாரிக்கென்றே பிறந்தது. இந்த வரம்பின் விளிம்பில், சரியாக 50 சதவீதத்தில், நிற்பது அம்ருத்தின் இன்னொரு பிள்ளையான ஃப்யூஷன்.

82-லிருந்து 97

ஃப்யூஷன் 2009-ல் வந்தது. பெயரிலேயே கலப்பு இருக்கிறது. முக்கால் பங்கு இந்திய பார்லி. கால் பங்கு, பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து பார்லி. இரண்டையும் பெங்களூருவிலேயே தனித்தனியாக வடித்து, முற்றவைத்துப் பிறகு சேர்த்தார்கள்.

பிரிட்டனின் ஜிம் முர்ரே ஆண்டுதோறும் வெளியிடும் ‘விஸ்கி பைபிள்’ ஆயிரக்கணக்கான விஸ்கிகளுக்கு மதிப்பெண் போடும் புத்தகம். மணம், சுவை, விழுங்கிய பின் நிற்கும் ருசி, இவை ஒன்றோடொன்று இசையும் சமநிலை என்று நான்கு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 25. அம்ருத்தின் முதல் சிங்கிள் மால்ட்டுக்கு அவர் 2005-ல் கொடுத்தது 82. கௌரவமான பாஸ். 2010-ம் ஆண்டுப் பதிப்பில் ஃப்யூஷனுக்குக் கொடுத்தது 97. அந்த ஆண்டின் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம். முதலிடம் அமெரிக்காவின் சேஸரக் ரை விஸ்கிக்கு. இரண்டாவது ஸ்காட்லாந்தின் ஆர்ட்பெக் சூப்பர்நோவா. வரலாறு எழுதிய ஸ்காட்லாந்து வடிசாலைகள் பலவும் கம்பிபுராவுக்குப் பின்னால் நின்றன.

ஒரே எண்ணில் தலையெழுத்து மாறியது. கேட்டும் பார்க்காதவர்கள் தேடி வந்தார்கள். வெளிநாட்டில் பெயர் வாங்கிய பிறகே, 2010-ல், அம்ருத் சிங்கிள் மால்ட் சொந்த ஊரான பெங்களூருவில் விற்பனைக்கு வந்தது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜான் டிஸ்டில்லரீஸ், கோவாவில் வடித்த ‘பால் ஜான்’ சிங்கிள் மால்ட்டை 2012-ல் லண்டனில் இறக்கியது. 2023-ல் இந்திய சந்தையில் விற்ற சிங்கிள் மால்ட்டில் பாதிக்கு மேல் இந்தியத் தயாரிப்புகள் என்று மதுபானத் தொழில் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. 2024-ல் லண்டனின் இன்டர்நேஷனல் ஸ்பிரிட்ஸ் சேலஞ்ச் போட்டியில் உலகின் சிறந்த விஸ்கி என்ற பட்டமும் ஃப்யூஷனுக்கே போனது. நீலகண்ட ராவ் ஜக்தாலே அதைப் பார்க்க இல்லை. 2019-லேயே காலமாகிவிட்டார்.

இருந்தும் 97 என்பது என்ன? தராசில் நிறுத்த எடை அல்ல. ஒரு மனிதரின் மூக்கும் நாக்கும் ஒரு நாளில் சொன்ன தீர்ப்பு. அந்த மனிதரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்ல. முர்ரேயின் சுவைக் குறிப்புகளில் பெண்களை இழிவுபடுத்தும் ஒப்பீடுகள் இருப்பதாக 2020-ல் பெரும் கண்டனம் எழுந்தது. பிரிட்டனின் முக்கியமான விஸ்கிக் கடை ஒன்று அவருடைய புத்தகத்தை விற்பதையே நிறுத்தியது. அவர் அதை மறுத்தார். ஊர் பெயரைப் பார்த்து அம்ருத்தைத் தள்ளியது எவ்வளவு தவறோ, எண்ணைப் பார்த்து அதைத் தலையில் வைத்து ஆடுவதும் அவ்வளவு தவறு. இரண்டிலும் நாக்குக்கு வேலை இல்லை.

மூன்று கிண்ணம், ஒரு துண்டுச் சீட்டு

நாக்குக்கு வேலை கொடுப்பது சுலபம். செலவும் அதிகமில்லை. மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தால் போதும். ஒன்று விலை கூடியது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. ஒருவர் உள்ளே போய் மூன்று கிண்ணங்களில் 15 மில்லி வீதம் ஊற்றி, அடியில் எண் ஒட்டி, எது எதென்று துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். வாய் குறுகிய கிண்ணமாக இருந்தால் மணம் தங்கும். ஐஸ் வேண்டாம். குளிர் மணத்தை அமுக்கும். சோடா வேண்டாம். பெங்களூருவின் பெருமைக்குரிய காங்கிரஸ் கடலையும் ஆந்திர ஊறுகாயும் சீட்டைப் பிரிக்கும் வரை காத்திருக்கட்டும். காரம் ஏறிய நாக்கு பொய் சொல்லும்.

முதலில் மூக்கு. கிண்ணத்துக்குள் மூக்கை நுழைக்காமல், சற்றுத் தள்ளி, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பார்க்க வேண்டும். 50 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கு மூக்கை எரித்துவிட்டால் அடுத்த பத்து நிமிடம் எதுவும் தெரியாது. பிறகு ஒரு துளி. விழுங்காமல் வாயில் புரட்ட வேண்டும். அதன் பிறகு தண்ணீர்.

தண்ணீர் விடுவது கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017-ல் பதில் சொன்னார்கள். விஸ்கிக்குப் புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, கணினி மாதிரியில், 59 சதவீதத்துக்கு மேற்பட்ட வலுவில் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளேயே கிடந்தது. 45 சதவீதத்துக்கு இறங்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்தது. மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் இருப்பதுதானே? ஆக, காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கிக்குத் தண்ணீர் எதிரி அல்ல, சாவி. நல்ல வசதி என்னவென்றால் எவ்வளவு திறப்பது என்பது குடிப்பவர் கையில். 61.8-ல் உள்ள 30 மில்லியை நம் ஊர் வழக்கமான வலுவுக்குக் கொண்டுவர சுமார் 13 மில்லி தண்ணீர் போதும். இங்க் ஃபில்லரால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தால் எந்த இடத்தில் ருசி மலர்கிறது என்பது பிடிபடும். தண்ணீர் பட்டதும் விஸ்கி லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிரூட்டி வடிகட்டாத சரக்கு 46 சதவீதத்துக்குக் கீழே போனால் கலங்கும். எண்ணெய்ப்பசை உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

காஸ்க் ஸ்ட்ரெங்த்தில் தேடிப் பார்க்க வேண்டியவை வறுத்த தானியம், தேன், வெனிலா, ஆரஞ்சுத் தோலின் கசப்பு, கொஞ்சம் அதிமதுரம். ஃப்யூஷனில் இவற்றின் மேல் அடுப்படிப் புகை போல மெல்லிய ஒரு போர்வை, கடைசியில் மிளகின் சுளீர். இதெல்லாம் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். புளி போட்ட ரசத்துக்கும் எலுமிச்சை பிழிந்த ரசத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த நாக்குக்கு இது பெரிய வித்தை அல்ல. 100-க்கு இத்தனை என்று போடுவதைவிட முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று எழுதுவது நேர்மையானது. எல்லோரும் எழுதி முடித்த பிறகே சீட்டைப் பிரிக்க வேண்டும். விலை கூடிய பாட்டில் மூன்றாவதாக வந்தால் அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பது தனி ருசி.

மூன்று கிண்ணத்திலும் சேர்த்து 45 மில்லி. அதற்கு மேல் நாக்கும் நம்பத் தகுந்ததல்ல, ஆளும்தான். பாதுகாப்பான அளவு என்று மதுவில் ஒன்றுமே இல்லை என்று 2023-ல் உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி வைத்தார்.

பாட்டிலின் பின்னால் உள்ள விலை

இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கு இந்தியாவில் ஒரு கூடுதல் காரணம் உண்டு. இங்கே பாட்டில் விலை ருசியை அல்ல, வரியைப் பெருமளவு காட்டும் கண்ணாடி. வெளிநாட்டு மதுவுக்குப் பல ஆண்டுகள் 150 சதவீத சுங்க வரி இருந்தது. 2025 பிப்ரவரியில் பர்பனுக்கு மட்டும் அது 100 சதவீதமாக இறங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் ஸ்காட்ச் மீதான வரியை முதலில் 75-க்கும் பத்தாண்டில் 40-க்கும் இறக்க வகை செய்தது. இதற்கு மேல் மாநில அரசுகள். கர்நாடகம் விலை அடுக்குகளின்படி கூடுதல் வரி போடும் மாநிலம். உயர்ரகச் சரக்கின் விலை அண்டை மாநிலங்களைவிடக் கூடுதலாக இருந்ததால் 2024 ஆகஸ்டில் அந்த அடுக்குகளைத் திருத்திக் குறைத்தது. ஒரே விஸ்கி ஓசூரில் ஒரு விலை, பெங்களூருவில் ஒரு விலை, விமான நிலையத்தில் இன்னொரு விலை. உள்ளே இருக்கும் பார்லியோ பீப்பாயோ மாறுவதில்லை. அப்படியிருக்க விலையை வைத்துத் தரத்தை எடை போடுவது, அரசாங்கத்தின் கணக்கப்பிள்ளையை விஸ்கி நிபுணராக ஏற்றுக்கொள்வதாகும்.

நல்ல சரக்கு கடல் கடந்துதான் வரும் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. யவனர்கள் கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் பருகியதைப் புறநானூறு பேசுகிறது. உள்ளூர் மலையில் மூங்கில் குழாயில் முற்றவைத்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. மன்னனுக்கு முன்னது, மலைவாசிக்குப் பின்னது. இரண்டையும் பெயர் சொல்லாமல் அருகருகே வைத்து எவரும் சுவைத்துப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

கிளாஸ்கோவில் அதைச் செய்து பார்த்தார்கள். மூங்கில் குழாய் ஜெயித்தது.